மெக்கின்னிஸ் ஃபெரி சாலையின் இரு பக்கமும்: வட அட்லாண்டா தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளுக்கு,

விழாக்களில் வாக்காளர் பதிவு மேஜைக்கு இனி இடம் இல்லை என்று உங்களில் சிலர் முடிவெடுத்திருக்கிறீர்கள். தேர்தல் தேதி, தொகுதி எல்லை பற்றிய செய்திகளை உறுப்பினர் குழுக்களில் பகிரவும் தடை போட்டிருக்கிறீர்கள். "நாம் பண்பாட்டு அமைப்பு, அரசியல் வேண்டாம்" என்பது நீங்கள் சொல்லும் காரணம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா, தெற்கு ஃபோர்சைத் பகுதிகளில் அந்த மேஜைகளில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலர்கள் நாங்கள். இந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. அதை மாற்றச் சொல்லியே இந்த மடல்.

உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேராவது தினமும் கடக்கும் ஒரு சாலையிலிருந்து தொடங்குகிறோம். மெக்கின்னிஸ் ஃபெரி சாலைக்குத் தெற்கே ஃபுல்டன் கவுண்ட்டியின் (கவுண்ட்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) ஜான்ஸ் கிரீக். வடக்கே ஃபோர்சைத் கவுண்ட்டி. இரு பக்கமும் ஒரே மளிகைக் கடைக்குப் போகிறார்கள், ஒரே கோயிலுக்குப் போகிறார்கள், காலையில் ஒரே ஜிஏ-400 நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கிறார்கள். 2020 தேர்தலில் சாலையின் தெற்குப் பக்கம் 6-வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி, வடக்குப் பக்கம் 7-வது தொகுதி. 2022-இல் தெற்குப் பக்கம் பெரும்பாலும் 7-வது தொகுதிக்கும், வடக்குப் பக்கம் 6-வது தொகுதிக்கும் மாறின. 2024-இல் இரண்டு பக்கமும் 7-வது தொகுதிக்குள் வந்தன. ஆனால் அந்த 7, பழைய 7 இல்லை. குவின்னெட் கவுண்ட்டியைப் பல தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நம்மை டாசன், லம்ப்கின் கவுண்ட்டிகளோடு, டலோனெகா மலையடிவாரம் வரைக்கும் இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று தேர்தல்களுக்கு மூன்று விதமான கோடுகள். யாரும் வீடு மாறவில்லை.

டலோனெகா மக்கள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. சாலையின் இரு பக்கமும் ஒரே உறுப்பினரின் கீழ் வந்ததில் நன்மைகூட உண்டு. எங்கள் வருத்தம் வேறு. இந்த மாற்றங்களில் ஒன்றுக்காவது "இங்கே இப்படி ஒரு சமூகம் இருக்கிறது, அதன் எல்லை இது" என்று உங்கள் அமைப்புகளின் பெயரில் ஒரு பக்கக் கடிதம்கூடப் போகவில்லை. நாம் பேசாமல் கிடைத்தது, நாம் பேசாமலே போய்விடவும் கூடும்.

இந்தப் பகுதி எப்படிப்பட்டது என்பதை அரசியல்வாதிகள் உங்களைவிட நன்றாக அறிவார்கள். இந்தப் பகுதியைக் கொண்ட பழைய 6-வது தொகுதியை 1993 முதல் 1999 வரை வைத்திருந்தவர் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச். அவருக்குப் பின் ஜானி ஐசக்சன், அவருக்குப் பின் டாம் பிரைஸ். 2012 அதிபர் தேர்தலில் அதே கட்சியின் ராம்னி இங்கே 23 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2016-இல் டிரம்ப்புக்குக் கிடைத்த வித்தியாசம் 1.5 புள்ளிதான். அதனால்தான் 2017 இடைத்தேர்தலில் ஜான் ஆசாஃப், கேரன் ஹேண்டல் போட்டிக்கு 5 கோடி டாலருக்கும் மேல் செலவானது. பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் அதுவரை அவ்வளவு பணம் எங்கும் இறங்கியதில்லை. 2018-இல் ஜனநாயகக் கட்சியின் லூசி மெக்பாத் இந்தத் தொகுதியைச் சுமார் 3,200 வாக்குகளில் வென்றார். அதே நாளில் பக்கத்து 7-வது தொகுதியில் குடியரசுக் கட்சியின் ராப் வுடால் தப்பித்தது வெறும் 433 வாக்குகளில். 433 என்பது உங்கள் பொங்கல் விழா அரங்கில் பாதிகூட நிரம்பாத எண்ணிக்கை.

ஃபோர்சைத்தைத் தனியாகப் பாருங்கள். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,75,511. 2020-இல் 2,51,283. ஆசியர்களின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. குடும்ப வருமானத்தில் ஜார்ஜியாவிலேயே முதல் கவுண்ட்டி இது. 2012-இல் ராம்னிக்கு 80 சதவீதம் கொடுத்த கவுண்ட்டி, 2020-இல் டிரம்ப்புக்குச் சுமார் 66 சதவீதம் கொடுத்தது. எந்தக் கட்சிக்கு நல்லது என்பது இங்கே எங்கள் கவலை இல்லை. எண்கள் இப்படி நகரும் இடத்தில்தான் வரைபடம் வரைபவர்களின் பென்சில் முதலில் வந்து நிற்கும்.

2021-இல் அது எப்படி நடந்தது? கோடையில் மாநிலம் முழுக்கக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தினார்கள். அப்போது வரைவு வரைபடம் எதுவும் வெளியாகியிருக்கவில்லை. ஆகஸ்ட் 12 அன்றுதான் கணக்கெடுப்புத் தரவு வந்தது. நவம்பர் 3 அன்று சிறப்புக் கூட்டத்தொடர் தொடங்கி, அந்த மாதத்துக்குள் வரைபடம் நிறைவேறிவிட்டது. ஆண்டுக் கடைசியில் ஆளுநர் கையெழுத்திட்டார். 2023 இன்னும் வேகம். கறுப்பின வாக்காளர்களின் உரிமையை 2021 வரைபடம் மீறுகிறது என்று அக்டோபர் 26 அன்று நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். மேற்கு அட்லாண்டா பகுதியில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள ஒரு தொகுதி கூடுதலாக வேண்டும், டிசம்பர் 8-க்குள் வேண்டும் என்றார். நவம்பர் 29 அன்று சட்டமன்றம் கூடியது. அதற்குப் பிறகுதான் காங்கிரஸ் வரைபடம் வெளியானது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. கேட்ட தொகுதியை மேற்கே வரைந்தார்கள். அதற்கு ஈடாக, கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர் மூவரும் சேர்ந்து பெரும்பான்மையாக இருந்த 7-வது தொகுதியைக் கலைத்தார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் அதை எதிர்த்தார்கள். வழக்கு கறுப்பின வாக்காளர்களைப் பற்றியது, பல சிறுபான்மையினர் கூட்டாக வாழும் தொகுதிக்குப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வி இங்கே வராது என்ற நிலையில், டிசம்பர் 28 அன்று நீதிமன்றம் புதிய வரைபடத்தை ஏற்றது.

ஒரு வாரத்தில் முடிகிற காரியத்துக்கு, அந்த வாரம் வந்த பிறகு செயற்குழுவைக் கூட்டிப் பயன் இல்லை. கடிதமும் வரைபடமும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் விரிவாகச் சொல்கிறோம். ஜார்ஜியா சட்டமன்றத்தின் தொகுதி மறுவரையறைக் குழுக்களின் வழிகாட்டு நெறிகளில் கவுண்ட்டி எல்லை, கச்சிதமான வடிவம் ஆகியவற்றோடு "பொது நலன் கொண்ட சமூகங்கள்" என்பதையும் கருத வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் கடிதம் அந்த ஒரு சொல்லில் போய் ஒட்ட வேண்டும். "இங்கே இந்தியர்கள் நிறைய இருக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் உதவாது. இனத்தை மட்டுமே முதன்மையாக வைத்துக் கோடு போடுவதை 1993-இலிருந்தே உச்ச நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. "எங்கள் கட்சிக்குப் பாதகம்" என்று எழுதினாலும் உதவாது. கட்சி ஆதாயத்துக்காகக் கோடு வளைப்பதை ஃபெடரல் நீதிமன்றங்கள் விசாரிக்காது என்று 2019-இல் தீர்ப்பே வந்துவிட்டது. மிஞ்சுவது அன்றாட வாழ்க்கையின் ஆதாரம்தான்.

ஆகவே சாலையின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். தெற்கே சட்டஹூச்சி ஆறு, மேற்கே ஜிஏ-400, நடுவில் மெட்லாக் பிரிட்ஜ் சாலையும் பீச்ட்ரீ பார்க்வேயும் என்று எல்லை சொல்லுங்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் எந்தெந்த சப்டிவிஷன்களிலிருந்து (குடியிருப்புகளிலிருந்து) வருகிறார்கள் என்ற பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, சப்டிவிஷனுக்கு இத்தனை குடும்பம் என்று எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். அதைவிட வலுவான சான்று வேறு யாரிடமும் இல்லை. பிறகு இந்த மக்களுக்குக் காங்கிரஸ் உறுப்பினரிடம் பொதுவாக என்ன தேவை என்று எழுதுங்கள்: விசா, கிரீன் கார்டு தாமதங்கள், ஜிஏ-400 விரிவாக்கத்துக்கான ஃபெடரல் நிதி, வயதான பெற்றோரின் மருத்துவக் காப்பீடு. டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் என்ற இலவசச் செயலியில் பிரீசிங்க்ட்களை (வாக்குச்சாவடி வட்டங்களை) ஒவ்வொன்றாகத் தட்டி இந்த எல்லையை வரையலாம். ஒரு தொகுதிக்கு வேண்டியது 7,65,136 பேர். நம் பகுதி மட்டும் அவ்வளவு வராது. எனவே மீதிக்கு எந்தப் பக்கம் நீட்டலாம் என்பதற்கும் ஒரு யோசனை சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத கடிதம் விண்ணப்பமாக மட்டுமே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. அஞ்சல் முகவரியை நம்பி எல்லை எழுதிவிடாதீர்கள். 30024 என்ற சுவானி பின்கோடு குவின்னெட், ஃபோர்சைத், ஃபுல்டன் மூன்று கவுண்ட்டிகளிலும் கிடக்கிறது. ஆல்ஃபரெட்டா என்று முகவரி எழுதுபவர்களில் பலர் ஆல்ஃபரெட்டா நகரத்துக்குள்ளேயே இல்லை, ஃபோர்சைத்தில் இருக்கிறார்கள். பதிவு மேஜையில் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது. சொத்து வரி ரசீதில் எந்தக் கவுண்ட்டி என்று பார்ப்பதே சரியான வழி.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறோம். உங்கள் அமைப்புகள் பெரும்பாலும் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி பெற்றவை. அந்தத் தகுதி போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். சட்டம் தடுப்பது ஒரு வேட்பாளரை ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும். கட்சி சார்பில்லாத வாக்காளர் பதிவை அது தடுக்கவில்லை. எல்லா வேட்பாளர்களையும் அழைத்து நடத்தும் கேள்வி பதில் கூட்டத்தையும் தடுக்கவில்லை. மறுவரையறை மசோதா பற்றிக் கருத்துச் சொல்வது சட்ட ஆதரவுப் பணி, தேர்தல் பிரசாரம் அன்று. அதற்கும் ஓர் அளவு வரை அனுமதி உண்டு. 5768 என்ற படிவத்தை வருமான வரித்துறைக்கு ஒருமுறை அனுப்பிவிட்டால் அந்த அளவு கணக்காகவே தெரிந்துவிடும்: ஆண்டுச் செலவின் முதல் 5 லட்சம் டாலரில் 20 சதவீதம் வரை. அந்தக் கணக்கு செலவழித்த பணத்துக்குத்தான். சம்பளம் வாங்காத தன்னார்வலர் அட்லாண்டா சட்டமன்றத்துக்குப் போய் மூன்று நிமிடம் பேசுவதற்கு என்ன செலவு ஆகப் போகிறது?

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் ஒரே ஒரு வேட்பாளரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, அந்தப் படத்தை அமைப்பின் பக்கத்தில் போடுகிறீர்களே, சட்டத்தின் கண்ணில் படக்கூடியது அதுதான். அதைத் தொடர்ந்து செய்துகொண்டு பதிவு மேஜையை நிறுத்துவது தலைகீழான முடிவு.

அந்த மேஜை என்ன வேலை செய்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அங்கே முதலில் கேட்கும் கேள்வி "பதிவு செய்யலாமா?" என்பது இல்லை. "சிட்டிசன்ஷிப் வாங்கியாச்சா?" என்பதுதான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தெரியாமல் "குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் போட்டால்கூடப் பொய்யாகக் குடியுரிமை கோரிய குற்றமாகி, நாடு கடத்தல் வரை போகும். டிரைவிங் லைசென்ஸ் வாங்கும் டிடிஎஸ் அலுவலகத்தில் 2016 முதல் வாக்காளர் பதிவும் தானாகவே சேர்ந்து நடக்கிறது. அவசரத்தில் தவறான கட்டம் விழக்கூடிய இடம் அது. இதை ஒருவருக்கு ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லும் இடம் அந்த மேஜை ஒன்றுதான்.

அடுத்தது பெயர். நம் ஊரில் ஒற்றைப் பெயர். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகிவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அது லைசென்ஸிலும் ஏறும். சமூகப் பாதுகாப்பு அட்டையில் வேறு மாதிரி இருக்கும், குடியுரிமைச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. ஜார்ஜியாவில் வாக்காளர் விண்ணப்பத்தை டிடிஎஸ், சமூகப் பாதுகாப்புத் துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் வாக்குச்சாவடியில் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு குறி விழும்.

அதைவிடக் கனமானது குடியுரிமைக் குறி. எச்-1பி வேலை விசா காலத்தில் வாங்கிய லைசென்ஸில் 'லிமிட்டட் டெர்ம்' என்று இருக்கும். குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகும் டிடிஎஸ் அலுவலகத்துக்குப் போய் அதை மாற்றாவிட்டால், அவர்கள் கணினியில் அந்த நபர் இன்னும் வெளிநாட்டவர்தான். வாக்காளர் விண்ணப்பம் குடியுரிமைச் சான்று கேட்டு நிலுவையில் விழுந்துவிடும். தேர்தல் நாளன்று கையில் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ இல்லாமல் போய் நிற்பவர் பாடு திண்டாட்டம்தான். சரியான வரிசை இது: உறுதிமொழி முடிந்ததும் முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகம், பிறகு டிடிஎஸ், அதன் பிறகு வாக்காளர் பதிவு. பெயரையே சீராக்க நினைப்பவர்கள் குடியுரிமை விண்ணப்பத்திலேயே கேட்கலாம். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தால்தான் அந்தப் பெயர் மாற்றம் செல்லும், குடிவரவு அலுவலக அறையில் எடுத்தால் செல்லாது. இவ்வளவையும் அரசாங்க இணையப் பக்கத்தில் தேடி எடுப்பதற்குள் கெடு முடிந்துவிடும். பதிவுக்கான கடைசி நாள், தேர்தலுக்கு முந்தைய ஐந்தாவது திங்கள்.

அம்மா அப்பாக்களையும் மறந்துவிட வேண்டாம். பிள்ளைகள் வழியாகக் குடியுரிமை பெற்று, ஆங்கிலம் சரளமாக வாசிக்க வராத பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழில் வாக்குச்சீட்டு இங்கே கிடையாது. ஜார்ஜியாவில் மொழிச் சிறுபான்மையினருக்கு ஃபெடரல் சட்டம் கட்டாயமாக்கிய ஏற்பாடு குவின்னெட்டில் ஸ்பானியத்துக்கு மட்டுமே. ஆனால் வாக்குரிமைச் சட்டத்தின் 208-வது பிரிவு, வாசிக்க முடியாதவர் தான் நம்பும் ஒருவரை உதவிக்குக் கூட்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்கிறது. முதலாளியும் தொழிற்சங்க முகவரும் மட்டும் கூடாது. மகளோ பேரனோ போகலாம். "கூட யாரும் வரக் கூடாதாம்" என்று வீட்டிலேயே இருந்துவிடும் பெரியவர்களுக்கு இதை யார் சொல்வது?

"எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு வாக்கே இல்லை, எச்-1பி, கிரீன் கார்டு வரிசை" என்பது உங்கள் அடுத்த பதில். உண்மைதான். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பினால் இந்தியர்களின் காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டிப் போகிறது. ஆனால் தொகுதி எல்லை வாக்காளர் எண்ணிக்கையை வைத்துப் போடப்படுவதில்லை. கணக்கெடுப்பில் வந்த எல்லாத் தலைகளையும் எண்ணித்தான் அந்த 7,65,136. வாக்கு இல்லாதவர்களும் அந்தத் தொகுதியின் எடையில் இருக்கிறார்கள். காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தின் உதவிப் பிரிவு, குடியுரிமை இல்லாதவரின் கோப்பையும் எடுத்து விசாரிக்கும். ஒரு தனியுரிமை ஒப்புதல் படிவம், ரசீது எண், பிரச்சினையை ஒரு பக்கத்தில் எழுதிய கடிதம் போதும். அவர்களால் கிரீன் கார்டு வரிசையைத் தாண்ட வைக்க முடியாது. ஆனால் வழக்கமான காலக்கெடு கடந்து நகராமல் கிடக்கும் விண்ணப்பத்துக்குப் பதில் வாங்கித் தர முடியும். எல்லை மாறும்போது பழைய அலுவலகத்தில் கொடுத்த கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்டு, புதிய அலுவலகத்தில் புதுப் படிவம் கொடுக்க வேண்டியவர்களும் இவர்கள்தான். வாக்கு இல்லை என்பதால் வரைபடம் அவர்களைத் தொடாமல் விடுவதில்லை. இவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் 18 வயதில் வாக்காளர்கள்.

நம் பகுதியிலிருந்து களத்தில் இறங்கியவர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோரின் மகன் அஷ்வின் ராமசாமி, 2024-இல் மாநில செனட் 48-வது தொகுதியில் நின்று தோற்றார். அதே தொகுதியை 2020-இல் வென்றவர் மிஷல் ஆவ். ஜார்ஜியா செனட்டின் முதல் ஆசிய அமெரிக்கப் பெண். 2021-இல் அவர் தொகுதியையே மாற்றி வரைந்தார்கள். அவர் கீழவைத் தொகுதிக்கு மாறி நின்று வென்றார். இவர்களை ஆதரிக்கச் சொல்லவில்லை. கோடு எங்கே விழுகிறது என்பது ஆளைவிடப் பெரிய விஷயம் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது என்கிறோம்.

கடைசியாக, "இது நம் சண்டை இல்லை" என்ற பேச்சு. 1912-இல் ஃபோர்சைத் கவுண்ட்டியிலிருந்து சுமார் 1,100 கறுப்பின மக்கள் வன்முறையால் துரத்தப்பட்டார்கள். முக்கால் நூற்றாண்டு அந்தக் கவுண்ட்டி வெள்ளையருக்கு மட்டும் என்றே கிடந்தது. அதை எதிர்த்து 1987 ஜனவரியில் சுமார் 20,000 பேர் அந்தக் கவுண்ட்டியின் தலைநகரான கம்மிங்குக்குள் பேரணியாக நடந்தார்கள். அந்த ஊரில்தான் இன்று நம் பிள்ளைகள் பரதநாட்டிய வகுப்புக்குப் போகிறார்கள். வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டில் கையெழுத்தானது. நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்கு வர வழி திறந்த குடியேற்றச் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில். இரண்டுக்கும் இடையே இரண்டே மாதம். முதலாவதற்காக அடி வாங்கியவர்களால் இரண்டாவதும் வந்தது. நம் சண்டை இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. பதிவு மேஜை மீதான தடையை அடுத்த செயற்குழுவிலேயே நீக்குங்கள். மேஜையில் இருப்பவர்கள் எந்தக் கட்சிச் சின்னமும் அணியக் கூடாது என்ற நிபந்தனையை நாங்களே எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறோம். வேட்பாளரை மேடையேற்றுவதானால் அந்தத் தொகுதியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே நாளில் எழுத்து மூலம் அழைப்பு அனுப்புங்கள், இல்லையென்றால் யாரையும் ஏற்றாதீர்கள். 5768 படிவத்தை இந்த நிதியாண்டு முடிவதற்குள் அனுப்புங்கள். தமிழ்ப் பள்ளிப் பட்டியலிலிருந்து சப்டிவிஷன் வாரியான எண்ணிக்கையை, பெயர் இல்லாமல், எங்களுக்குத் தாருங்கள். எல்லைக் கடிதத்தின் முதல் வரைவை 60 நாளில் எழுதித் தருகிறோம். அதை உறுப்பினர் கூட்டத்தில் வைத்து, திருத்தி, உங்கள் முத்திரையோடு இரு அவைகளின் மறுவரையறைக் குழுத் தலைவர்களுக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பாகப் பதிவுக் கெடு, முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள், அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்கத் தேர்தலுக்கு 11 நாள் முன்பு வரை என்ற கடைசி நாள், இந்த மூன்றை மட்டும் தமிழில் உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள்.

உங்கள் முடிவு என்ன என்பதை, செயற்குழுக் குறிப்பின் நகலோடு, 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
வாக்காளர் பதிவு மேஜைத் தன்னார்வலர்கள்
ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா, தெற்கு ஃபோர்சைத்